மேளம் நின்ற பிறகும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். 2004 டிசம்பர் கடைசி வாரத்தில் எங்களில் சிலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கடல் கொண்டுவந்து போட்டவர்களை அங்கே வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். உத்தேச வயது, ஆணா பெண்ணா, என்ன உடுத்தியிருந்தார்கள், மச்சமோ தழும்போ உண்டா, இதையெல்லாம் நான் எழுத வேண்டும். யாராவது வந்து பார்த்துச் சொன்னால் பெயர் எழுதலாம். யாரும் வராதவர்களுக்கு ‘அடையாளம் தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். மூன்று நாள் எழுதினேன். நாலாம் நாள் வேறு ஆளை அனுப்பினார்கள். நான் என் நாற்காலிக்குத் திரும்பிப் பழைய கோப்புகளைப் பிரித்தேன். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு என் கழுத்து இறுகிப்போனது. வலது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். படுத்தால் இரண்டு மணி நேரம் தூங்குவேன், அதிகம் போனால் மூன்று. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரை, தைலம், கழுத்துப் பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. 2009இல், நான் கழுத்துக்காகப் போய்க்கொண்டிருந்த பிசியோதெரபி கிளினிக்கின் சுவரில் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருந்தது. மேளச் சத்தத்தின் துணையோடு மனதுக்குள் ஒரு பயணம், மன அமைதிக்கு, உடல் நலத்துக்கு, தன்னை அறிந்துகொள்ள, ஞாயிறு காலை, சிதம்பரம் என்று இருந்தது. கீழே ஒரு வட்ட மேளத்தின் படம்.

வீட்டில் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை.

“போயிட்டு வாங்களேன். எல்லாம் பண்ணிப் பாத்துட்டீங்க, இது ஒண்ணுதான் பாக்கி.”

“மேளம் அடிச்சா கழுத்து சரியாப் போயிடுமா?”

“தூங்குனா போதும்ங்க. நீங்க முழிச்சிக்கினு உக்காந்திருக்கறது எனக்கு பயமா இருக்குது.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மச்சான் தலையைத் தூக்கினான். என் மனைவியின் தம்பி அவன். அப்போது இருபத்தெட்டு வயது. திருப்பாப்புலியூரில் ஓர் இன்ஜினியரிடம் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடும் வேலை. எங்களோடுதான் தங்கியிருந்தான். பதினான்கு வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. தவறாமல் போட்டால் வருஷக்கணக்கில் வராது. ஆனால் பைக் ஓட்டக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது, ராத்திரி கண் விழிக்கக் கூடாது. அவன் வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளும் அந்த வார்த்தையை நாங்கள் சொல்வதில்லை. ‘அது’ என்போம்.

“நானும் வரேன் மாமா. ஞாயித்துக்கெழமை சும்மாதான இருக்கேன்” என்றான்.

சரி என்றேன்.

சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றிலிருந்து பிரியும் சந்தில், ஒரு வீட்டின் மாடியில் அந்த ஹால் இருந்தது. நடத்திய அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கேதான் இதைக் கற்றுக்கொண்டாராம். பருத்திப் புடவை, சின்னக் குரல். சாமியார்த்தனம் எதுவும் இல்லை. அவர் முதலில் கொடுத்தது ஒரு தாள். பெயர், வயது, முகவரிக்குக் கீழே சில கேள்விகள். இதய நோய் உண்டா? வலிப்பு உண்டா? மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கர்ப்பமாக இருக்கிறீர்களா?

“இத மட்டும் கொஞ்சம் பாத்து எழுதுங்க. யாருக்கு ஒத்துக்கும், யாருக்கு ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியணும்” என்றார்.

மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான். வரைபடம் போடுகிறவனின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். இரண்டாவது கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினான். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். என் தாளில் கையெழுத்துப் போட்டு இரண்டையும் சேர்த்து அந்த அம்மாவிடம் நான்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டு பேர் இருந்தோம். கோரைப்பாயில் மல்லாந்து படுத்து, கொண்டுபோன துண்டால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு திறப்பை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கிணறோ, மரத்தடிப் பொந்தோ, மதகோ, பூமிக்குள் இறங்குகிற ஏதாவது ஒன்று. மேளம் அடிக்கத் தொடங்கியதும் அதன் வழியே இறங்க வேண்டும். எதிரே எது வந்தாலும் பயப்படாமல் பார்க்க வேண்டும். கேள்வி இருந்தால் கேட்கலாம். இருபது நிமிஷம் கழித்து மேளம் நின்று, ஏழு ஏழு அடியாக நான்கு தடவை வரும். அது திரும்பி வரச் சொல்லும் அடி. போன வழியிலேயே வந்துவிட வேண்டும்.

“ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல இருக்கறவங்க அழலாம், மொனகலாம், கை கால் அசையலாம். யாரும் யாரையும் தொடாதீங்க. அது அவுங்க பயணம்.”

பிறகு அடிக்கத் தொடங்கினார். வேறு தாளம் எதுவும் இல்லை. ஒரே அடி, ஒரே இடைவெளி, வேகமாக நடப்பவனின் நாடித் துடிப்பைப் போல.

நான் பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்துக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவில். என் அப்பாவின் அப்பா சாவு வீடுகளில் மேளம் அடித்தவர். அப்பா படித்து வாத்தியாராகி, முதல் சம்பளம் வாங்கிய மாதமே தெருவை விட்டு வெளியே வாடகைக்குப் போனார். எங்கள் வீட்டில் மேளம் என்ற பேச்சே எழாது. கல்யாணத்தில் நாதஸ்வரத்தோடு தவில் அடித்தால்கூட அப்பா எழுந்து வெளியே போய் நிற்பார். அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும், எந்த வீட்டில் யார் என்றுதான் என் மனம் முதலில் கேட்கும். அந்த மாடியில் படுத்துக்கொண்டும் அதைத்தான் கேட்டது.

நான் நினைத்த திறப்பு அந்த ரயில் பாதைக்கு அடியில் ஓடும் மதகு. குனிந்து உள்ளே போனேன். இருட்டு, கணுக்கால் அளவு தண்ணீர். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மத்தியானமும் தூங்கினேன், ராத்திரியும் தூங்கினேன். காலையில் என் மனைவி என் மூக்குக்கு அடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம்.

மச்சானோ திரும்பும் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தான். ஒரு கிணற்றுக்குள் இறங்கினானாம். கீழே வயல் மாதிரி வெளி, நடுவில் ஒரு நாரை. ஆள் உயரம். அது அவனைப் பார்த்து நடந்து வந்து, அலகால் அவன் தலைக்குள் குத்தி ஒரு முள்ளை எடுத்துப் போட்டதாம்.

“வலிச்சுதா?”

“இல்ல மாமா. லேசாப் போச்சு.” இடது காதுக்கு மேலே தொட்டுக் காட்டினான். “இங்கேர்ந்துதான் எடுத்துச்சு. டாக்டர்கூட இந்த எடத்ததான் சொன்னாரு.”

ஆலப்பாக்கம் வரைக்கும் அந்த இடத்திலிருந்து அவன் விரலை எடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் போனோம். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, மதகுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு வராந்தா தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. நான் பெயர் எழுதாமல் விட்டவர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. ரேஷன் கடையில் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். என் கையில் பேனா இருந்தது. ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டேன். சொன்னார்கள், எழுதினேன். திரும்பி வந்ததும் ஒரு பெயர்கூட ஞாபகமில்லை. ஆனால் அழுதிருந்தேன், துண்டு நனைந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து வலது பக்கம் ஜன்னலைப் பார்த்தேன். கழுத்து திரும்பியது. கற்பனைதான் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்தில் வேறு எதுவும் செய்யாததை அது செய்தது என்பதும் தெரியும்.

அந்த அம்மா என்னிடம் ஒருநாள் சொன்னார். “இந்த மேளம் உலகம் முழுக்க இருக்கு சார். சைபீரியா, கனடா, எல்லா எடத்துலயும். நம்ம ஊர்லயும் இருந்திருக்கும்.”

“இருந்துச்சு மேடம்” என்றேன்.

அந்த வருஷம் ஆகஸ்டில் மச்சானுக்குப் பெண் பார்த்தோம். மங்கலம்பேட்டை. பி.எட். முடித்துவிட்டு விருத்தாசலத்தில் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். நிதானமான பெண். மச்சானிடம் நேராகவே, உங்களுக்கு என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டாள். அவன் முகம் சிவந்து போனது. இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. தை மாதம் கல்யாணம் என்று பேசினோம்.

பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவியிடம் கேட்டேன். “அது பத்தி சொல்லிட வேணாமா?”

“சொன்னா யாரு பொண்ணு குடுப்பா? கல்யாணம் ஆவட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்.”

“டாக்டர் சொல்லிடச் சொன்னாரே.”

“டாக்டருக்கு என்ன, சொல்லிட்டு எழுந்து போயிடுவாரு.”

முன் சீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. இடது காதுக்கு மேலே தடவிக்கொண்டிருந்தான்.

செப்டம்பரில் ஒரு காலை, பின்பக்கம் குரோட்டன்ஸ் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மண் கரைந்து உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ மேலே வந்தது. விரலால் கிளறினேன். மாத்திரைகள். பாதி கரைந்தவை, முழுதாக இருப்பவை, ஒரு கை நிறைய.

மச்சான் பின்னால் வந்து நின்றான்.

“எத்தன நாளா?” என்றேன்.

“அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா.”

“எத்தன நாளா மச்சான்?”

“முப்பத்தெட்டு நாள். மொதல்ல பாதியா கொறச்சேன். அப்புறம் நிறுத்திட்டேன். ஒண்ணும் ஆவல மாமா, பாருங்க. முப்பத்தெட்டு நாளு.”

“யாரக் கேட்டு நிறுத்துன? அந்த மேடம் சொன்னாங்களா?”

“அவுங்களுக்கு எதுவுமே தெரியாது. நாரைய கேட்டேன். ‘உன் தலைல ஒண்ணும் இல்ல, எடுத்தாச்சு’ன்னுச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “கல்யாணத்துக்கு முன்னாடி சரியாயிட்டா, மறைச்சதா ஆவாது இல்ல? சொல்றதுக்கே ஒண்ணும் இருக்காது.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. அவனை அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துப்போயிருக்க வேண்டும். நான் செய்தது, மாத்திரைகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டது. என் மனைவி தண்ணீர் ஊற்றினால் பார்த்துவிடுவாள் என்று தொட்டி மண்ணைச் சமப்படுத்தினேன். அவன் மேல் இருந்த பாசத்தால் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாசமும் உண்டுதான். ஆனால் விஷயம் வெளியே வந்தால் சிதம்பரம் நின்றுபோகும். அவனோடு சேர்த்து என் ஞாயிற்றுக்கிழமையும் நின்றுபோகும். நான் அப்போது ஆறு மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். சாப்பிடும்போது சோற்றுக் கை வாய்க்குப் பாதி வழியில் நிற்கும். கண் திறந்திருக்கும், என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கும். உதடு மட்டும் எதையோ மெல்லுவது போல அசையும். ஐந்தாறு நொடி. பிறகு ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிடுவான். ஒரு நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் நெல்லிக்குப்பம் வரை போய்விட்டுத் திரும்பினான். கூப்பிட்டால் சில நேரம் கேட்காது. என் மனைவி, “இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டான் இல்ல? அந்த மேளம் நல்லாதான் வேல செய்யுது” என்றாள்.

ஆமாம் என்றேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. விடிந்ததிலிருந்து மழை. புதுச்சத்திரம் தாண்டி ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. பஸ் ஊர்ந்துதான் போனது. மச்சானுக்கு முந்தின நாள் சரியான தூக்கமில்லை. ஒரு வரைபடத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

“இன்னைக்கு வேணாம், வீட்ல படு மச்சான்” என்று கிளம்பும்போது சொன்னேன். “போயிட்டு வந்து படுத்துக்கறேன்” என்றான். நான் மறுபடி சொல்லவில்லை.

மழையினால் அன்றைக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மச்சான் எனக்கு வலது பக்கம் படுத்தான். துண்டைக் கண்ணில் போடும்முன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மேளம் தொடங்கியது. ஈரக் காற்றில் தோல் தொய்ந்து, சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக வந்தது. நான் மதகுக்குள் நுழையப் பார்த்தேன், முடியவில்லை. வெறுமனே படுத்திருந்தேன். பாதி நேரம் போயிருக்கும். வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. காற்றை வெளியே தள்ளுவது போல, தொண்டையிலிருந்து, நீளமாக. பிறகு பாய் சரசரத்தது. அப்புறம் தரையில் அடிக்கும் சத்தம். டக், டக், டக். அவன் இரண்டு குதிகாலும் சிமெண்டுத் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. மேளத்தோடு கிட்டத்தட்ட ஒட்டியே அந்தச் சத்தம் வந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

எனக்குத் தெரிந்தது.

யாரையும் தொடாதீங்க என்று சொல்லியிருக்கிறார்களே என்று நினைத்தேன். நாரையோடு இருக்கிறான் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். துண்டை எடுத்தால் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்துவிட்டால் மாத்திரை, தொட்டி, மங்கலம்பேட்டை எல்லாவற்றையும் பேச வேண்டியிருக்கும். என் கைக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. கையை நீட்டாமல் படுத்திருந்தேன். என் மேல் ஏதோ சூடாகத் தெறித்தது. எச்சில் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏழு அடி வந்தது. மறுபடி ஏழு. மறுபடி. மறுபடி. அந்த அம்மா மேளத்தை நிறுத்தினார்.

மேளம் நின்ற பிறகும் குதிகால் சத்தம் நிற்கவில்லை. அந்த அமைதியில் அது மட்டும் தனியாகக் கேட்டது. டக், டக், டக். அப்போதுதான் எல்லோரும் துண்டை எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

உதடு நீலமாக இருந்தது. குதிகாலில் தோல் உரிந்து தரையில் ரத்தம் தேய்ந்திருந்தது. அந்த அம்மா மேளத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “என்ன ஆச்சு சார், என்ன ஆச்சு இவருக்கு?” என்றார். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அப்படிச் செய்ய எனக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். “வலிப்பு மேடம். சின்ன வயசுலேர்ந்து இருக்குது” என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கீழ் வீட்டுக்காரர் கார் எடுத்தார். ஆஸ்பத்திரி போகிற வழியிலும் அடங்கவில்லை. ஊசி போட்டு, அடங்கி, மறுபடி வந்து, மறுபடி போட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். என் மனைவி மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

“மாத்திர ஒழுங்கா போடறாரா?”

“போடறான் சார், ரெண்டு வேளையும்” என்றாள் என் மனைவி.

“இல்ல சார்” என்றேன் நான். “மூணு மாசமா போடல. எனக்குத் தெரியும்.”

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“எவ்ளோ நேரமா வந்துக்கினு இருந்துச்சு? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?” என்றார் டாக்டர்.

“தெரியல சார். நான் தூங்கிட்டேன்.”

ஐந்து நாள் மச்சான் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா வந்து வராந்தாவில் என் பக்கத்தில் நின்றார். கையில் மச்சான் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் இருந்தது. என்னிடம் கொடுக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

“நான் கேட்டேனே சார். அதுக்குத்தான கேட்டேன்” என்றார். “நான் கண்ண மூடிக்கினுதான் அடிக்கறேன். தெறந்து வச்சிருக்கணும்.” அழுதார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது, ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து யார் மேல் என்ற பேச்சு வரும். அதற்கப்புறம் அந்த ஹால் திறக்கவில்லை. சில மாதத்தில் ஊரைவிட்டே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஆறாம் நாள் மச்சான் கண் திறந்தான். அக்காவைத் தெரிந்தது, என்னைத் தெரிந்தது. வருஷம் தெரியவில்லை. வலிப்பில் வலது தோள் இறங்கியிருந்தது. மங்கலம்பேட்டை என்று சொன்னால் “அங்க யாரு இருக்காங்க?” என்று கேட்டான்.

பெண் வீட்டுக்கு நான்தான் போனேன். என் மனைவி வர மறுத்துவிட்டாள். அந்த நாட்களில் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுவாள். பெண்ணின் அப்பா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

“இப்ப எப்படி இருக்காரு?”

“பரவால்லம்மா. ஞாபகம்தான் கொஞ்சம்...”

“மாத்திர போட்டா நல்லா இருப்பாரா?”

“இருப்பான். பத்து வருஷம் நல்லாதான் இருந்தான்.”

“மொதல்லயே சொல்லியிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல. வேணாம்னுகூட சொல்லியிருப்பேன். ஆனா என்னக் கேட்டிருக்கலாம் இல்ல? நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு பயந்துதான அவரு மாத்திரய நிறுத்துனாரு. நான் எதுவுமே சொல்லல, ஆனா என்னாலதான் இப்படி ஆச்சுன்னு இனிமே நான் நெனச்சிக்கினு இருக்கணும்.”

அது அவளால் ஆனதில்லை என்று சொன்னேன். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வருஷம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

மச்சானின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, முழுதாக இல்லை. 2011இல் அதே இன்ஜினியரிடம் மறுபடி வேலைக்குப் போனான். ஒரு நாளில் போடும் வரைபடத்துக்கு மூன்று நாள் எடுத்தது. அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் நிற்கிற மரம் என்று ஒன்று மிச்சமில்லை. எங்கள் வீட்டு முருங்கையும் பக்கத்து வீட்டுப் புங்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. பல நாள் கரண்ட் இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் நானும் மச்சானும் அரிவாளோடு கிளைகளை வெட்டி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தோம். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் அவன் உட்கார்ந்தபடி சின்னக் கிளைகளைக் கழித்தான்.

“மாமா, ஒண்ணு கேக்கணும்” என்றான். தலையை நிமிர்த்தவில்லை. “அன்னிக்கு எனக்கு வந்தப்ப, நீங்க தூங்கிட்டீங்கன்னு அக்கா சொல்லுச்சு.”

“ம்.”

“நெசமாவா?”

இரண்டு வருஷமாக யாரும் அதைக் கேட்கவில்லை. அரிவாளைக் கீழே வைத்தேன்.

“இல்ல மச்சான். முழிச்சித்தான் இருந்தேன். உன் கால் சத்தம் கேட்டுச்சு. அதுன்னும் தெரிஞ்சுது. எழுந்திரிக்கல.”

அவன் கையிலிருந்த கிளையின் இலைகளை ஒவ்வொன்றாக உருவினான்.

“நான் கீழதான் இருந்தேன்” என்றான். “நாரை இல்ல. ஒண்ணுமே இல்ல. மேல எப்படி வரதுன்னு தெரியல. மேளம் கேட்டுக்கினே இருந்துச்சு, எந்தப் பக்கம்னு தெரியல. யாராச்சும் கையத் தொட்டா அந்தப் பக்கம் வந்துடலாம்னு நெனச்சேன். நெனச்சது ஞாபகம் இருக்குது.”

நான் அரிவாளை மறுபடி கையில் எடுத்தேன். மீதிக் கிளைகளையும் வெட்டி முடித்தோம். மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மாசி மாதம் அவன் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போனான். தினமும் பஸ்ஸில் வந்துபோவது சிரமம் என்று அக்காவிடம் சொன்னான். அவள் அழுது, சண்டை போட்டு, கடைசியில் அடுப்பும் பாத்திரமும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அவன் ஏன் போனான் என்று என்னிடம் கேட்டாள். தெரியவில்லை என்றேன். ராத்திரி மாத்திரை போட்டதும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவனிடம் கேட்டுக்கொண்டேன். சரி மாமா என்றான். அந்த வருஷம் முழுக்க, ராத்திரி எட்டு மணிக்கு ‘போட்டாச்சு’ என்று ஒரே வார்த்தை வரும். சில நாள் எட்டேகால் ஆகும். எட்டேகாலுக்கும் வராவிட்டால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை வெளியே எடுத்து, ஸ்டார்ட் பண்ணாமல் தெருவில் நிற்பேன்.